15 வயதுப் பையனை யூட்டா முகாமுக்கு அனுப்பலாமா?

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். போன ஆகஸ்டில் நெடுஞ்சாலை விபத்தில் 19 வயது மூத்த மகன் இறந்துவிட்டான். பக்கத்து இருக்கையில் இருந்த 15 வயதுத் தம்பி தோள் எலும்பு முறிந்து பிழைத்தான். இப்போது அவன் காரில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடம் பாதி நாள்தான். விடிய விடிய கேம். ஒரு தடவை கோபத்தில் கதவை உடைத்துவிட்டான். தெரபிஸ்டிடம் நான்கு தடவை போனவன், ஐந்தாவது தடவை மாட்டேன் என்றுவிட்டான். கல்வி ஆலோசகர் ஒருவர் யூட்டாவில் பத்து வார வனச் சிகிச்சை முகாம் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். பையன் சம்மதிக்க மாட்டான் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு ஆட்கள் வந்து கூட்டிப்போவார்களாம். "ஆம்பளப் பையன், காடு மேடு ஏறி இறங்கினா தானா தைரியம் வரும்" என்கிறார் கணவர். முன்பணமும் கட்டியாயிற்று. அனுப்பலாமா என்பது கேள்வி.

வேண்டாம். இந்த முறையில் அனுப்பவே வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை முதலாக வைத்துத்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர். அவர்களைப் பாறையேற்றத்துக்கும் மலைநடைக்கும் கூட்டிப்போவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். ஆகவே இதை எதிர்க்கட்சிக்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்கள் பையன். அந்த வண்டியில் ஸ்டியரிங் அவன் கையில் இல்லை, பிரேக் அவன் காலடியில் இல்லை. கண் முன்னால் நடந்த எதையும் அவனால் நிறுத்த முடியவில்லை. ஆபத்து பெரியதாக இருந்தது ஒரு பக்கம். அந்த நேரத்தில் தன் வசத்தில் எதுவுமே இல்லாமல் போனது இன்னொரு பக்கம். மனக்காயத்தை ஆழமாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அதற்கப்புறம் உடம்பு ஓயாமல் காவல் காக்க ஆரம்பித்துவிடுகிறது. டயர் கிறீச்சிடும் சத்தமோ பெட்ரோல் வாசனையோ போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். நடந்தது நடந்து முடிந்துவிட்டது என்று அவன் அறிவுக்குத் தெரியும். அபாய மணி அடிக்கிற மூளைப் பகுதிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. காரில் ஏற மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி கேம் விஷயமும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் தூக்கம் வராமல் விளையாடுவதில்லை. தூங்கினால் கனவு வரும், அதனால் தூக்கம் வந்துவிடக் கூடாதே என்று விளையாடுகிறார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், வெட்கம்.

இப்படி இருக்கிற பையனை, இருட்டில், முன்பின் தெரியாத இரண்டு ஆட்கள் தட்டி எழுப்பி, காரில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோவதாக நினைத்துப் பாருங்கள். எட்டு மாதமாக எந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறானோ அதே காரில். அம்மாவும் அப்பாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. விபத்தில் நடந்தது என்னவோ அதுதான் இங்கேயும் நடக்கிறது: அவனைக் கேட்காமல், அவனால் நிறுத்த முடியாமல். இந்த முறை அதை ஏற்பாடு செய்தது பெற்றோர். இதுபோலக் கொண்டுபோகப்பட்டு இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் பலர் முகாமில் நடந்ததைவிட அந்த விடியற்காலையைத்தான் அதிகம் பேசுகிறார்கள். இன்றைக்கும் கதவு தட்டும் சத்தம் ஆகாது என்கிறார்கள்.

ஊரில் நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள் இல்லையா? நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டோம், கீழே தண்ணீரில் மாமாவோ சித்தப்பாவோ நிற்பார் என்ற தைரியத்தில். ஏற்கெனவே ஒரு தடவை முழுகிப் பிழைத்த பிள்ளையை அதே கிணற்றில் யாராவது தள்ளுவார்களா? உங்கள் கணவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன்.

பாறை ஏறும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் நடுங்கும், வாய் உலரும். உடம்பைப் பொறுத்தவரை விபத்து நேரத்து அறிகுறிகளும் இவையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், இதில் அவன் தானாக ஏறுகிறான், கயிறு இருக்கிறது, வேண்டாம் என்றால் இறங்கலாம். ஐந்து நிமிடத்தில் படபடப்பு தானாக அடங்குவதை அவனே பார்க்கிறான். நெஞ்சு படபடத்தால் ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று பழகிப்போன உடம்பு, படபடத்தது, அப்புறம் அடங்கியது, ஒன்றும் ஆகவில்லை என்று வேறொரு பாடத்தைப் படிக்கிறது. மூடிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்தும் இதைச் சொல்லித்தரலாம், தருகிறோம். ஆனால் 15 வயதுப் பையன்களுக்கு நாற்காலி ஒத்துவருவதில்லை. எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டு "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். அதே பையன் மலைப்பாதையில் பக்கத்தில் நடந்துகொண்டே, ஷூவைப் பார்த்தபடி, நாம் எதுவும் கேட்காதபோது "அண்ணன்தான் அன்னைக்கு பாட்டு வச்சான்" என்று ஆரம்பிப்பான். நாமும் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று, வெளியில் யாரும் அவன்மேல் கோபப்படுவதில்லை. கூடாரத்தைச் சரியாகக் கட்டாவிட்டால் மழை உள்ளே வரும், அவ்வளவுதான். மழை திட்டாது, மார்க் போடாது. வீட்டில் எட்டு மாதமாக எல்லோரும் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளியிலிருந்து சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

ஆனால் இதெல்லாம் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் சொல்வதைக் கண்ணால் பார்த்தால் சுலபம். 14 வயதுப் பெண் ஒருத்தி, வீட்டுக்கு நெருங்கிய ஒருவரால் பாதிக்கப்பட்டவள். பாறை ஏறும்போது இடுப்பில் மாட்டும் ஹார்னஸில் தொடைக்கு இரண்டு வளையங்கள் உண்டு. இறுக்க வேண்டும், இறுக்கியது சரிதானா என்று பயிற்சியாளர் பார்த்தே ஆக வேண்டும். சாதாரண முகாமில் ஆள் வந்து பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அவளுக்கு அந்த ஒரு இழுப்போடு அன்றைய நாள் முடிந்துவிடும். எங்கள் குழுவில் வழக்கம் வேறு. ஹார்னஸை அவளே மாட்டினாள், பக்கிளை அவளே இழுத்துக் காட்டினாள். பயிற்சியாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து கண்ணால் பார்த்தார். தொட்டே தீர வேண்டும் என்றால் எங்கே, எதற்கு என்று சொல்லி, அவள் சரி என்ற பிறகுதான். அப்புறம் கயிறு முடிச்சு, அதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். கீழே கயிறு பிடிப்பவரிடம் அவள் "ரெடியா?" என்று கேட்க வேண்டும், அவர் "ரெடி" என்ற பிறகே கால் தரையை விட்டு எழும்பும்.

மேலே போனவளுக்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. "டேக்" என்றால் கயிறு இறுகி அவளை அப்படியே தாங்க வேண்டும். "லோயர்" என்றால் மெதுவாக இறக்க வேண்டும். பத்தடி ஏறினாள். "டேக்." கயிறு இறுகியது. பாறையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் தொங்கினாள். "லோயர்." இறக்கினார்கள். "இன்னும் ரெண்டே பிடிதான், விடாத" என்று கீழேயிருந்து யாரும் கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது முன்கூட்டியே எல்லோரிடமும் பேசி வைத்த விஷயம். தரைக்கு வந்ததும், "சொன்ன உடனே இறக்கிட்டீங்க" என்றாள், ஏதோ குற்றம் கண்டுபிடித்த மாதிரி. மறுபடி ஏறினாள். அதே பத்தடி, அதே "லோயர்". அன்று முழுக்க அவள் எங்களைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். உச்சியை அவள் தொட்டது வெகுநாள் கழித்து. அதற்குள் சிகிச்சையில் முக்கால்வாசி நடந்து முடிந்திருந்தது.

எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதைப் பங்கெடுக்கிறவரே முடிவு செய்ய வேண்டும் என்ற இந்த விதி புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாமில்டன் ஊரில் 1971இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் அட்வென்ச்சர்' என்ற கல்வித் திட்டத்தில் கார்ல் ரோன்கி இதைப் பரப்பினார். பாறை, மலை, கடல் வழியாகச் சிகிச்சை தரும் நல்ல சாகசச் சிகிச்சைக் குழுக்கள் எல்லாம் இன்றுவரை இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குச் சொன்ன முகாம் வேறொரு வழியில் வந்தது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டுக்கும் தாத்தா ஒருவர்தான்: கர்ட் ஹான் என்ற ஜெர்மன் யூதக் கல்வியாளர். நாஜிகளை எதிர்த்து 1933இல் சிறைபோய், பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார். பணம் போட்டது லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி. கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. ஆகவே இளைஞர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி. கவனியுங்கள், அது நன்றாக இருக்கிற பிள்ளைகளை உறுதியாக்கும் பயிற்சி. அடிபட்ட பிள்ளைகளைத் தேற்றுவதற்காக வந்ததல்ல. 1960களின் கடைசியில் யூட்டாவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன், படிப்பில் தேறாத மாணவர்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கும் வித்தை கற்றுக்கொடுத்தார். திரும்பி வந்தவர்கள் நன்றாகப் படித்தார்கள். அதுவரை சரி.

1988இல் ஸ்டீவ் கார்ட்டிசானோ என்பவர் அதே யூட்டாவில் அதை வியாபாரமாக்கினார். அடங்காத பிள்ளைகளுக்கு 63 நாள் பாலைவன நடை, ராணுவப் பாணியில், பெரிய கட்டணத்தில். ராத்திரியில் ஆள் அனுப்பிப் பிள்ளையைத் தூக்கிவருவது பிரபலமானது இந்தக் காலத்தில்தான். 1990இல் அந்த முகாமில் 16 வயதுப் பெண் ஒருத்தி வெயிலில் நடக்கும்போது சுருண்டு விழுந்து இறந்தாள். 1994இல், அதே மாநிலத்தில் வேறொரு முகாமில், 16 வயதுப் பையன் குடற்புண் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவி இறந்தான். வலிக்கிறது என்று அவன் நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். நடிக்கிறான் என்று ஊழியர்கள் நினைத்தார்கள். இந்த முகாம்களைப் பற்றி எனக்குள்ள முக்கியமான ஆட்சேபம் இந்த ஒரு சாவிலேயே இருக்கிறது. பிள்ளை சொல்வது எல்லாமே ஏமாற்று என்று ஊழியருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், நிஜமான வலியை யார் கேட்பார்கள்?

பழைய கதை என்று உங்கள் கல்வி ஆலோசகர் சொல்லக்கூடும். 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இந்த மாதிரி இல்லங்கள், முகாம்களைப் பற்றி விசாரித்து அறிக்கை தந்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் பிள்ளைகளைத் துன்புறுத்திய சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றது அது. அதுவும் பழசு என்றால், 2024 பிப்ரவரி: வட கரோலினாவில் ஒரு வன முகாமில் 12 வயதுப் பையன், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், தரையில் போட்ட, ஒருவர் மட்டும் நுழைந்து படுக்கும் பை போன்ற கூடாரத்தில் மூச்சடைத்து இறந்துபோனான். பிரேதப் பரிசோதனை அதைக் கொலை வகையில் சேர்த்தது. மே மாதம் மாநில அரசு உரிமத்தைப் பறித்தது. யூட்டா 2021இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. இளம் வயதில் அங்கே ஒரு விடுதியில் இருந்த தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் சட்டசபையில் வந்து சாட்சி சொன்னார். 2024 டிசம்பரில் மத்திய அரசளவில் ஒரு சட்டம் கையெழுத்தானது, ஆனால் அது பெரும்பாலும் ஆய்வும் தகவல் சேகரிப்பும்தான். அது இருக்கிறது, இனிப் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

எல்லா முகாமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். உரிமம் பெற்ற நல்ல மருத்துவர்கள் மனசாட்சியோடு நடத்தியவையும் உண்டு, அங்கே போய்த் தேறி வந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் நாலு மணிக்கு ஆள் அனுப்புகிறேன் என்கிற முகாம் எந்த வகை என்று அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டது.

சரி, வேறெங்கே நன்றாக நடக்கிறது? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பக்கம் 'வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்' என்று ஒரு அமைப்பு. டிம் கானிபேர் என்ற ஆங்கிலேயர் 2009இல் மசிபுமெலேலே குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கப் போனதில் ஆரம்பித்தது. துப்பாக்கிச் சூடும் கோஷ்டிச் சண்டையும் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைகள். அங்கே மனநல மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாடு. ஆகவே அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர்களையே பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து வைத்தார்கள். ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கடலில் இறங்குமுன் வட்டமாக நின்று இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று பேசுவது, மூச்சை நிதானமாக்குவது, அப்புறம் அலை. சாயந்தரம் வீடு. அடுத்த வாரமும் அதே கோச், அதே கடற்கரை, மாதக்கணக்கில். அலையைவிட அந்த "அதே கோச்"தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெருவில் எதிர்ப்படும்போதும் அந்த அண்ணன் இருப்பார், ரொட்டிக் கடையிலும் இருப்பார்.

நார்வேயில் கிறிஸ்டியான்சான் நகரத்து ஸோர்லாண்டே அரசு மருத்துவமனை இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. மருத்துவமனையின் இளைஞர் மனநலப் பிரிவே 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைச் சின்னக் குழுவாகக் காட்டுக்கும் ஏரிக்கும் கூட்டிப்போனது. வாராவாரம் ஒரு நாள், இடையில் இரவு தங்கல், பத்து வாரம்போல. பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், சம்மதித்துத்தான் சேர்ந்தார்கள். காட்டில் கூட நடந்த அதே ஆட்கள் ஊரிலும் அவர்களைப் பார்த்தார்கள்.

நம் ஆட்களிடமும் இதற்கு உறவான ஒன்று உண்டு. போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியான பால் சற்குணநாயகம் அடிகளாரும் பால் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும் சேர்ந்து 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். மலையேற்றமோ கடலோ கிடையாது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஊர்களிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, மரமும் மிருகங்களும் களிமண்ணும் கதையும் நாடகமுமாக மாதக்கணக்கில் விளையாட விடுவது. நடந்ததைச் சொல் என்று யாரும் கேட்பதில்லை. சொல்லத் தோன்றினால் பொம்மையைக் கொண்டோ கதையைக் கொண்டோ பிள்ளையே சொல்லும். சாகசம் என்ற பெயர் இல்லை, அடிப்படை அதேதான். கோவளத்திலும் அருகம்பேயிலும் இப்போது அலைச்சறுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, அங்கே போகிறதே போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சந்தோஷமான விஷயம், பிள்ளைக்கு நல்லதும்கூட. ஆனால் அது விளையாட்டு. கூட ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் இருந்து, பிள்ளைக்குத் திடீரென்று படபடப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்து நடத்தும்போதுதான் அதைச் சிகிச்சை என்று சொல்லலாம்.

ஆதாரம் என்ன சொல்கிறது? 2013இல் டேனியல் போவன், ஜேம்ஸ் நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாகசச் சிகிச்சை பற்றிய 197 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மிதமான பலன் இருக்கிறது, சிகிச்சை முடிந்த பிறகும் அது பெரும்பாலும் நிற்கிறது என்று வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாவித முகாம்களையும் எல்லாவிதப் பிரச்சினைகளையும் சேர்த்தவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவையே அதிகம். விபத்து, சாவு, வன்முறை இவற்றால் வரும் மனக்காயத்துக்கென்று பார்த்தால் கெட்டியான ஆதாரம் வேறொன்றுக்குத்தான்: மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மெல்ல மாற்றும் பேச்சுச் சிகிச்சை. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். மலையும் கயிறும் இதற்குத் துணை. இதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

உங்கள் பையன் நான்கு தடவையோடு நிறுத்திவிட்டானே என்பீர்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரமே விபத்தைப் பற்றிச் சொல் என்று ஆரம்பித்திருந்தால் அவன் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. முறைப்படி இந்த மனக்காயச் சிகிச்சை 12 முதல் 16 அமர்வுகள்போல நடக்கும். ஆரம்ப வாரங்கள் முழுக்க மூச்சு, தூக்கம், படபடப்பை அடக்கும் வழிகள்தான். நடந்ததைச் சொல்வது பின்னால். அப்பா அம்மாவுக்கும் அதில் தனி நேரம் உண்டு. நெருங்கியவரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்று துக்கத்தைச் சேர்த்த வடிவமும் இருக்கிறது. இதில் சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் மாநில வாரியாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் அமெரிக்காவின் தேசியப் பிள்ளைகள் மனக்காய வலையமைப்பின் உறுப்பு மையம் எது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பதின்வயதுப் பையன்களோடு பழகத் தெரிந்தவரா, அறையை விட்டு வெளியே நடந்துகொண்டே பேசச் சம்மதிப்பாரா என்று போனிலேயே கேட்டுவிடலாம். நிறையப் பேர் சம்மதிப்பார்கள்.

கூடவே வெளியைச் சின்னதாக ஆரம்பியுங்கள். கார் வேண்டாத தூரத்தில் எது இருக்கிறதோ அது. பாறையேறும் உள்ளரங்கம் சைக்கிள் தூரத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சைக்கிளே போதும். அவன் அப்பா சைக்கிளில் பக்கத்தில் போகட்டும், அறிவுரை இல்லாமல். அவருக்கும் மகன் போயிருக்கிறான். தைரியம் தைரியம் என்று அவர் சொல்வது தனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது. காரை அப்புறம் பார்க்கலாம், தெரபிஸ்ட் சொல்லும் வேகத்தில்: வாசலில் நிறுத்திய வண்டியில் கதவைத் திறந்து வைத்து உட்கார்வது, பிறகு மூடி வைத்து, பிறகு தெருமுனை வரை. "டேக்", "லோயர்" மாதிரி அவனுக்கு இங்கேயும் நிறுத்தும் சொல் ஒன்று இருக்கட்டும். சொன்னால் நிஜமாகவே ஓரம் கட்ட வேண்டும், நீங்கள் எங்கே அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாலும்.

சாக வேண்டும் என்றோ, அண்ணனுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்றோ தோன்றுகிறதா என்று அவனிடமே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அன்றைக்கே அழைக்கலாம், டாக்டரையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எந்த முகாமும் வேண்டாம், நல்ல முகாம்கூட. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறான் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன்: லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு வெயிலில் நீர் வற்றினால் ஆபத்து, மனநோய் மருந்துகள் சிலவற்றில் உடம்பு சூட்டைத் தணிக்கும் சக்தி குறையும். மலைக்குக் கூட்டிப்போகிறவர் இதைத் தானாகக் கேட்கவில்லை என்றால் அவருக்கு வேலை தெரியாது.

பின்னால் எப்போதாவது, அவனே ஆசைப்பட்டு, ஒரு முகாமுக்குப் போகிறேன் என்றால் தாராளமாக விசாரியுங்கள். அவன் எந்த நாளிலும் போன் எடுத்து உங்களோடு தனியாகப் பேசலாமா, பக்கத்தில் ஆள் நிற்காமல்? நிறைய முகாம்களில் கடிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சாப்பாட்டையோ தூங்கும் பையையோ பறிப்பது தண்டனைப் பட்டியலில் இருக்கிறதா? உரிமம் பெற்ற தெரபிஸ்ட் காட்டில் கூடவே இருக்கிறாரா, இல்லை வாரம் ஒரு நாள் ஜீப்பில் வந்து போகிறாரா? ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறினால் யார் எழுந்து வருவார்கள்? வயிறு வலிக்கிறது என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி? வீடு திரும்பிய பிறகு முதல் மாதம் யார் அவனைப் பார்ப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் ஆலோசகர் அடுத்ததாக ஒரு விடுதிப் பள்ளியைக் காட்டுவார் என்று நினைக்கிறேன். வன முகாமிலிருந்து நேராக விடுதிக்கு அனுப்புவது அங்கே வழக்கமான பாதை. சில ஆலோசகர்களுக்கும் இந்த இடங்களுக்கும் உள்ள நெருக்கத்தைப் பற்றிப் பல காலமாகப் புகார் உண்டு. ஆகவே அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று நேராகவே கேளுங்கள், தப்பில்லை.

முன்பணத்தைப் பொறுத்தவரை, பிள்ளை சம்மதிக்கவில்லை, அழைத்துப்போக ஆள் அனுப்ப வேண்டாம் என்று இன்றே எழுத்தில், மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போனில் பேசினால் பயமுறுத்துவார்கள்: "இப்போ விட்டா பையனை இழந்துடுவீங்க" என்று. ஏற்கெனவே ஒரு மகனை இழந்த அம்மாவிடம் அந்த வாக்கியம் எப்படி வேலை செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். வராவிட்டாலும் அதற்காக அனுப்பிவிட வேண்டாம். அப்புறம், ராத்திரி ஆள் வரும் திட்டம் பையனுக்கு எப்படியாவது தெரியவந்திருந்தால், அது ரத்தாகிவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியில் மட்டும் வந்துபோன ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் 9 வயது மகள் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அவள் "நல்லா இருக்கா, ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்றும். அவளுக்கும் அண்ணன்தான் போனான், இன்னொரு அண்ணன் கதவை உடைத்ததை அவளும் பார்த்திருப்பாள். தொந்தரவு தராமல் இருப்பது அந்த வயதில் சில பிள்ளைகள் அழுகிற விதம். நெருங்கியவரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் பல ஊர்களில் 'கேம்ப் எரின்' என்று வார இறுதி முகாம் நடக்கிறது. கட்டணம் கிடையாது. 6 வயதிலிருந்து 17 வரை சேர்க்கிறார்கள், விளையாட்டு, படகு என்று போகும், நடுவில் ஆலோசகர்களோடு துக்கத்தைப் பேசும் நேரமும் உண்டு, சுற்றியிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். பெரும்பாலும் கோடையில்தான், இடமும் குறைவு, ஆகவே முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு விண்ணப்பம் போடும்போது அண்ணனிடமும் ஒன்றைக் காட்டிவிட்டு, நிரப்புவதும் நிரப்பாததும் அவன் இஷ்டம் என்று மேஜையில் வைத்துவிடுங்கள்.